காட்டுத் தீ வரும் வழி

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. உத்தரகண்ட் மாநிலத்தில் நைனிடால் என்று ஒரு மலை ஊர். ஊரின் நடுவே பெரிய ஏரி. சுற்றிலும் மலைக் காடு.

அந்த வாரம் காட்டில் தீப் பிடித்தது. தீ சரிவில் ஏறியது. உயர் நீதிமன்ற ஊழியர்கள் குடியிருக்கும் பக்கத்தை நெருங்கியது. லரியாகாண்டா என்ற இடத்தில் விமானப் படை நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் அருகிலும் காடு எரிந்தது. ஏரியில் படகு விடுவதை நிறுத்தி வைத்தார்கள்.

ஏப்ரல் 27ஆம் தேதி விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்தது. அதன் அடியில் ஒரு பெரிய வாளி தொங்கியது. பக்கத்தில் உள்ள பீம்தால் ஏரியில் தண்ணீரை மொண்டது. எரியும் காட்டின் மேல் கொட்டியது. மறுபடியும் போய் மொண்டு வந்தது.

இது நல்ல வேலைதான். ஆனால் ஹெலிகாப்டர் எல்லா ஊருக்கும் வராது. உத்தரகண்டில் மலைக் கிராமங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே தீயை அடிக்கப் பச்சைக் கிளைதான் உண்டு. ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. தீ எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். அதற்கு ஒரு வரைபடம் வேண்டும்.

காடு எரிந்தால் ஊருக்கு என்ன?

"காடு எங்கேயோ எரிகிறது, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். மலை ஊரில் அப்படி நினைக்க முடியாது. ஊரின் உயிர்நாடி காட்டுக்குள்தான் ஓடுகிறது.

மின்கம்பி காட்டின் வழியே வருகிறது. குடிநீர்க் குழாய் காட்டில் உள்ள ஊற்றிலிருந்து வருகிறது. செல்போன் கோபுரம் மலை உச்சியில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையும் காட்டின் நடுவேதான் போகிறது.

இவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மின்சாரம் நின்றால் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும். செல்போன் கோபுரம் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும். பிறகு அதுவும் நின்றுவிடும். அப்போது தீயணைப்புப் படையைக் கூப்பிட முடியாது. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் சொல்ல முடியாது. ஒரு வீடுகூட எரிந்திருக்காது. ஆனாலும் ஊர் முடங்கிப்போகும்.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மின்கம்பியைத் தீ தொடவே வேண்டாம். கம்பிக்குக் கீழே பெரிய தீ எரிந்தால் போதும். சூடான காற்றும் கரிப் புகையும் மேலே எழும். சாதாரணக் காற்று மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும். சூடும் கரியும் கலந்த காற்றுக்கு அந்த வலிமை குறைவு. அதனால் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கோ தரைக்கோ மின்சாரம் பாய்ந்துவிடும். உடனே லைன் நின்றுபோகும். சமவெளியில் கரும்புத் தோகையைக் கொளுத்தும்போதும் இப்படி நடப்பது உண்டு.

தீ எப்படி நடக்கும்?

தீக்கும் பழக்கங்கள் உண்டு. மலையில் வாழ்பவர்கள் அதை அறிவார்கள்.

முதலில் தீனி. இமயமலையின் கீழ்ச் சரிவுகளில் சீர் பைன் என்ற மரம் நிறைய வளர்கிறது. அதன் இலை ஊசிபோல் நீண்டிருக்கும். கோடையில் அந்த ஊசி இலைகள் கொட்டித் தரையில் மெத்தைபோல் படியும். குமாவுன் பகுதி மக்கள் அதைப் பிரூல் என்கிறார்கள். அதில் பிசின் இருக்கிறது. காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும்.

அடுத்தது சரிவு. தீ மேல் நோக்கி வேகமாக ஓடும். சூடு மேலே போய் மேலே உள்ள சருகை முன்கூட்டியே காயவைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் காட்டுத் தீயை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் இரண்டு மடங்கு ஆகும். 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. மனிதன் மேட்டில் ஏறும்போது மெதுவாகிறான். தீ வேகமாகிறது. அதனால்தான் தீக்கு மேலே நிற்காதே என்று சொல்கிறார்கள்.

மூன்றாவது வெயில். இமயமலையில் தெற்குப் பார்த்த சரிவில் வெயில் அதிகம் விழும். அந்தப் பக்கம் சீக்கிரம் காயும். வடக்குப் பார்த்த சரிவில் ஈரம் நிற்கும்.

நான்காவது மனிதர்கள். நம் நாட்டில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் உண்டாகிறது. புதுப் புல் முளைக்கட்டும் என்று சிலர் கொளுத்துகிறார்கள். வயலில் வைத்த தீ காட்டுக்குத் தாவுகிறது. சாலையோரம் சமைத்தவர்கள் அணைக்காமல் போகிறார்கள். ஆகவே சாலைக்கும் பாதைக்கும் பக்கத்தில் தீ அதிகம்.

இந்த நான்கையும் ஒரே தாளில் குறித்தால் என்ன கிடைக்கும்? பைன் காடு, செங்குத்துச் சரிவு, தெற்கு முகம், அருகில் பாதை. இந்த நான்கும் சேரும் இடத்தில் சிவப்பு வண்ணம் பூசலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் மஞ்சள். ஈரமான ஓக் மரக் காடாக இருந்தால் பச்சை. தீ அபாய வரைபடம் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். பழைய தீ எங்கே எரிந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் படம் இன்னும் சரியாக இருக்கும். எரிந்த இடத்திலேயே தீ திரும்பத் திரும்ப வருவது வழக்கம்.

வானத்திலிருந்து ஒரு பார்வை

டேராடூன் நகரில் இந்திய வன அளவைத் துறை இருக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் இந்தத் துறை செயற்கைக்கோள் மூலம் காட்டுத் தீயைக் கவனித்து வருகிறது. செயற்கைக்கோள் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. தரையின் சூட்டை அது உணரும். ஓர் இடம் சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே தீ இருக்கலாம் என்று அறியலாம். உடனே அந்தப் பகுதி வனத்துறைக்குக் குறுஞ்செய்தி போகும். பொதுமக்களும் பெயரைப் பதிந்துகொண்டு இந்தச் செய்தியைப் பெறலாம்.

இப்படிச் சேர்ந்த பல வருடக் கணக்கை வைத்து இந்தத் துறை நாடு முழுவதற்கும் ஒரு படம் போட்டது. நாட்டை 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்தார்கள். எந்தச் சதுரத்தில் எத்தனை முறை தீ வந்தது என்று எண்ணினார்கள். 2019ஆம் ஆண்டு அறிக்கையில் இதன் முடிவு வந்தது. நாட்டின் காடுகளில் 100 பங்குக்கு 36 பங்கு அடிக்கடி தீப் பிடிக்கக் கூடியவை. அதில் ஏறக்குறைய 4 பங்கு மிக மிக அபாயமானவை.

செயற்கைக்கோளுக்கும் குறை உண்டு. அது ஓர் இடத்தின் மேல் ஒரு நாளில் சில முறைதான் கடந்து போகும். இடையில் பிடித்த தீயை அப்போதே காணாது. மேகம் மறைத்தாலும் காணாது. ஊருக்குக் கீழே மாடு மேய்ப்பவர் அதற்கு முன்பே புகையைப் பார்த்திருப்பார்.

சதுரமும் பெரியது. 25 சதுர கிலோமீட்டருக்குள் பல கிராமங்கள் அடங்கிவிடும். எந்த மாவட்டத்துக்குப் பணமும் ஆளும் அதிகம் வேண்டும் என்று சொல்ல அந்தப் படம் போதும். எந்த மின்கம்பத்தின் அடியில் சருகு கிடக்கிறது என்று அது சொல்லாது. அதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

ஊர்ப் படம்

உத்தரகண்டில் வன பஞ்சாயத்து என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1931 முதல் நடைமுறையில் உள்ளது. கிராம மக்களே ஒரு பகுதிக் காட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஓர் ஊரை நாம் கற்பனை செய்வோம். 60 வீடுகள். ஒரு பள்ளி. ஒரு துணைச் சுகாதார நிலையம். ஜனவரி மாதம், நல்ல குளிர். பஞ்சாயத்துத் தலைவர் பள்ளிக்கூடத் தரையில் பெரிய தாளை விரித்திருக்கிறார்.

முதலில் மலையின் வளைவை வரைகிறார்கள். ஓடை, பாதை, காடு எல்லாம் வருகிறது. வனக் காவலர் தீ வந்த இடங்களைச் சொல்கிறார். அங்கெல்லாம் சிவப்பு.

அடுத்த வேலை முக்கியமானது. தீயின் படத்தின் மேல் ஊரின் படத்தைப் போடுகிறார்கள். மின்கம்பிக்குக் கறுப்புக் கோடு. டிரான்ஸ்பார்மருக்குக் கறுப்புச் சதுரம். பள்ளி, சுகாதார நிலையம், ரேஷன் கடை, செல்போன் கோபுரம் எல்லாம் ஏறுகின்றன. சிவப்பில் விழும் கறுப்பு எது என்று பார்க்கிறார்கள். கோபுரம் ஒன்றுதான் விழுகிறது. எல்லாருக்கும் நிம்மதி.

பின் வரிசையில் ஒரு வயதான அம்மா எழுந்திருக்கிறார்.

"தண்ணீரை எங்கே போட்டீர்கள்?"

"இதோ, தொட்டி. ஊருக்குள் இருக்கிறது. பச்சையில் இருக்கிறது அம்மா."

"தொட்டி ஊருக்குள் இருக்கிறது தம்பி. தண்ணீர் ஊருக்குள்ளா பிறக்கிறது?"

யாரும் பேசவில்லை. ஊற்று இரண்டு கிலோமீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து கறுப்பு பிளாஸ்டிக் குழாய் தரை மேலேயே கிடந்து வருகிறது. சிவப்புப் பகுதியின் நடுவே வருகிறது. சருகுத் தீ ஒரு கால் மணி நேரம் எரிந்தால் குழாய் உருகிவிடும். தொட்டி பத்திரமாக நிற்கும். அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

படம் வரைவதில் பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான். கட்டடத்தைக் குறிப்போம். அதற்கு உயிர் கொடுக்கும் குழாயையும் கம்பியையும் மறந்துவிடுவோம். ஒவ்வொரு பொருளையும் பார்த்து, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போகவேண்டும். தண்ணீர் சுமக்கும் பெண்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் படம் போட்டால் பாதிப் படம்தான் வரும்.

கம்பியே தீ வைத்த கதை

மின்கம்பியைத் தீயிடமிருந்து காக்கவேண்டும். சில சமயம் காட்டை மின்கம்பியிடமிருந்து காக்கவேண்டும். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும்.

கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்ற மலை ஊர். அதைச் சுற்றியும் பைன் காடுதான். 2018 நவம்பர் 8ஆம் தேதி காலை. காற்று பலமாக வீசியது. ஊருக்குத் தொலைவில் ஒரு மின்கோபுரத்தில் கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து ஒடிந்தது. அந்த லைன் போட்டு நூறு வருடம் ஆகப்போகிறது. கம்பி கோபுரத்தில் உரசிப் பொறி பறந்தது. கீழே காய்ந்த புல். சில மணி நேரத்தில் தீ பாரடைஸ் ஊரை அடைந்தது. 85 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகளை அவசரமாக வெளியேற்றினார்கள். ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

தீ அணைந்த பிறகும் அந்த ஊரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. சூட்டில் பிளாஸ்டிக் குழாய்கள் கெட்டன. பென்சீன் என்ற நச்சு தண்ணீரில் கலந்தது. அதைச் சரி செய்ய நீண்ட காலம் ஆயிற்று. நம் கற்பனை ஊரின் அம்மா கேட்ட கேள்வி பணக்கார நாட்டுக்கும் பொருந்துகிறது.

கலிபோர்னியாவில் மின்கம்பிகளுக்கென்றே ஒரு தீ அபாயப் படம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. படத்தில் அபாயப் பகுதி என்று குறித்த இடத்தில் மின்சாரக் கம்பெனி கூடுதல் விதிகளுக்குக் கட்டுப்படவேண்டும். மரக்கிளையைக் கம்பிக்கு இன்னும் தள்ளி வெட்டவேண்டும். பழுதைச் சீக்கிரம் சரி செய்யவேண்டும். படம் இருந்தும் அந்த ஆண்டே பாரடைஸ் எரிந்தது. படத்தைப் பார்த்துக் கொக்கியை யாராவது மாற்றவேண்டும். படம் தானாக மாற்றாது.

நம் நாட்டில் பெரிய மின்பாதைக்குக் காட்டில் அகலமாக இடம் ஒதுக்குகிறார்கள். 132 கிலோவோல்ட் லைனுக்கு 27 மீட்டர். 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர். மரம் இல்லாததால் அங்கே வெயில் விழுந்து புல் நன்றாக வளரும். கோடையில் அது காயும். ஒதுக்கிய இடமே தீ ஓடும் சாலை ஆகிவிடும். ஆகவே மரத்தை வெட்டியதோடு வேலை முடியவில்லை. வருடந்தோறும் புல்லையும் அறுக்கவேண்டும். அறுத்த புல் மாட்டுக்கு ஆகும்.

படத்தை வைத்து என்ன செய்வது?

உத்தரகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை தீக் காலம் என்று வனத்துறை கணக்கு வைத்திருக்கிறது. வேலை எல்லாம் அதற்கு முன்னால் நடக்கவேண்டும்.

மலை முழுவதும் சருகு பெருக்க எந்த ஊராலும் முடியாது. படம் இருந்தால் பெருக்க வேண்டியதில்லை. நம் கற்பனை ஊரில் மூன்று இடங்கள்தான் கிடைத்தன. கோபுரத்தைச் சுற்றி, ஊற்றைச் சுற்றி, குழாய் போகும் வழி. இருபது பேர் நான்கு நாள் உழைத்தால் ஆகிவிடும்.

எவ்வளவு தூரம் சுத்தம் செய்வது? கலிபோர்னியாவின் சட்டம் கட்டடத்தைச் சுற்றி 100 அடி சொல்கிறது. அதில் முதல் 30 அடியில் காய்ந்த இலை, விறகு எதுவும் இருக்கக்கூடாது. நம் மலை ஊர்களில் வயலும் வீடும் நெருக்கம். 100 அடி எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் கீழ்ப்பக்கச் சரிவை முதலில் கவனிப்பது நல்லது. தீ அங்கிருந்துதான் ஏறி வரும். கூரையையும் மறக்கக்கூடாது. தீப்பொறி காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். கூரை ஓரத்தில் தங்கிய ஊசி இலையில் விழுந்தால் போதும்.

பிளாஸ்டிக் குழாயை மண்ணில் புதைக்கவேண்டும். ஒன்றரை அடி ஆழம் இருந்தாலே சருகுத் தீயின் சூடு அவ்வளவாக இறங்காது. பாறை உள்ள இடத்தில் புதைக்க முடியாது. அங்கே மட்டும் இரும்புக் குழாய் கேட்டு மனு கொடுக்கலாம். "இரண்டு கிலோமீட்டரும் மாற்றுங்கள்" என்றால் பணம் இல்லை என்பார்கள். படத்தைக் காட்டி "இந்த 200 அடி" என்றால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். மின் அலுவலகத்துக்கும் இதே வழி.

சேர்த்த பிரூலை என்ன செய்வது? மாட்டுக் கொட்டகையில் பரப்புவார்கள். அழுத்திக் கட்டியாக்கி எரிபொருள் செய்கிறார்கள். 2024இல் மாநில அரசு அதைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. விலை கிடைத்தால் காடு தானே சுத்தமாகும். ஆனால் வாங்கும் இடம் பக்கத்தில் இருக்கவேண்டும். தலைச் சுமையாக எவ்வளவு தூரம்தான் கொண்டு போவது?

படத்தில் இன்னொன்றும் வேண்டும். ஓடித் தப்பும் வழி. எந்தப் பாதை சிவப்பின் வழியே போகிறது, எது போகவில்லை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும். 2024 ஜூன் 13ஆம் தேதி அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். நான்கு வனப் பணியாளர்கள் அன்றே இறந்தார்கள். காட்டை நன்கு அறிந்தவர்களுக்கே இந்த நிலை. ஆகவே பயிற்சி இல்லாதவர் எரியும் சரிவில் ஏறக்கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, சுத்தம் செய்த இடத்துக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

தீக்குப் பிறகு

ஜூன் கடைசியில் மழை வரும். தீ அணைந்தது என்று படத்தைச் சுருட்டி வைத்துவிடக்கூடாது. எரிந்த சரிவில் மண்ணைப் பிடிக்கப் புல் இல்லை. தண்ணீரை உறிஞ்சச் சருகு இல்லை. முதல் பெருமழையில் சாம்பலும் மண்ணும் கல்லும் சேர்ந்து இறங்கும். தீக்குத் தப்பிய குழாய் அதில் அடைபடும். கம்பத்தின் அடி மண் கரையும்.

அதனால் எரிந்த இடத்தைப் படத்தில் பழுப்பு நிறத்தில் குறிக்கவேண்டும். அதிலிருந்து கீழே ஓடை எந்த வழியே போகிறது என்று விரலால் ஓட்டிப் பார்க்கவேண்டும். அந்த வழியில் ஊற்றின் வாய் இருந்தால் மேலே கல் அடுக்கித் தடுப்புக் கட்டலாம். கம்பம் இருந்தால் மின் ஊழியரிடம் சொல்லலாம். பாதை இருந்தால் மழை நாளில் பிள்ளைகளை வேறு வழியில் அனுப்பலாம். அடுத்த ஜனவரியில் தாளை மறுபடி விரிக்கும்போது, அந்தப் பழுப்பு இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து புது வண்ணம் பூசவேண்டும்.